டென்ஷனர் தேஞ்சுபோச்சு!

காரில் வருகிற சத்தங்களை மெக்கானிக்குகள் இரண்டு ரகமாகப் பிரிக்கிறார்கள். வண்டி ஓடினால் மட்டும் வருவது ஒன்று. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இன்ஜின் ஓடினால் வருவது இன்னொன்று. முதல் ரகத்துக்குச் செலவு நூற்றுக்கணக்கில். இரண்டாம் ரகத்துக்கு ஆயிரக்கணக்கில். மூன்றாவதாக, பின் ஸீட்டிலிருந்து 'நான் அப்பவே சொன்னேன்' என்று வருகிற சத்தம் ஒன்று உண்டு. அதற்கு எந்த மெக்கானிக்கும் பொறுப்பேற்பதில்லை.

இந்த வாரம் இரண்டாம் ரகம்.

சிக்னலில் உங்கள் பக்கத்தில் ஒரு பழைய ஸ்பிளெண்டர் வந்து நிற்கிறது. இன்ஜினுக்குள்ளே யாரோ சில்லறையைக் குலுக்குகிற மாதிரி 'கடகட... கிலுகிலு...' ஓட்டுகிற ஆசாமி அதைப் பற்றிக் கவலையே படாமல் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறார். நீங்களும் பைக் வைத்திருப்பவர்தானே, மனசுக்குள் சொல்லிக்கொள்வீர்கள், 'டைமிங் செயின் போயிருச்சு.' சரிதான். (யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த டூ ஸ்ட்ரோக்கில் கேம் ஷாஃப்டே கிடையாது, ஆகவே டைமிங் செயினும் கிடையாது. அவர்கள் பாட்டுக்குப் புகை விட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.)

காரிலும் இதே கதைதான். கீழே கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. வால்வுகள் எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்று தீர்மானிக்கிற கேம் ஷாஃப்ட் தனியாகச் சுற்றுகிறது. கீழே இரண்டு சுற்று என்றால் மேலே ஒரு சுற்று. இந்தக் கணக்கு தப்பக் கூடாது. தப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் இரண்டுக்கும் நடுவே மாட்டியிருக்கும் செயின். புதுசில் இறுக்கமாக இருக்கும். வருஷம் ஆக ஆக இணைப்பு ஒவ்வொன்றிலும் இருக்கும் பின்கள் துளித்துளியாகத் தேய்ந்து, எல்லாத் துளியும் சேர்ந்து செயின் நீளமாகிவிடும். இழுத்து நீண்டதல்ல, தேய்ந்து நீண்டது. தொளதொளத்த செயின் சுற்றும்போது துள்ளி, பக்கத்துச் சுவரில் அடிக்கும். அதைத் துள்ளவிடாமல் பக்கவாட்டில் ஒரு சாமான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் கைடு, சிலதில் ஷூ, சிலதில் டென்ஷனர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். செயினின் உரசலை வாங்கிக்கொள்வது. வாங்கி வாங்கித் தேய்ந்து போவது.

அப்படித் தேய்ந்துபோன ஒரு டென்ஷனரால் எங்கள் சித்தப்பா வீட்டில் 2023 குற்றால சீசனே டென்ஷனாகிவிட்டது.

* * *

சித்தப்பாவுக்கு ஊர் இலஞ்சி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழிக்குப் பக்கத்தில். வயசு 82. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். பிரானூர் என்றால் உங்களுக்கு பார்டர் பரோட்டா ஞாபகம் வரும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவாங்கூர் பக்கம் இருந்ததால் அந்த 'பார்டர்'. எல்லைக்கோடு போய் இத்தனை வருஷமாகியும் பரோட்டாவும் மர மில்களும் அங்கேயே இருக்கின்றன.

1981-ல் மில் முதலாளிக்குப் பணமுடை. சித்தப்பாவுக்கு ஒன்பது மாதச் சம்பளப் பாக்கி. "கணக்கப்பிள்ளை, பணமா இப்போ கையில இல்ல. இந்த வண்டிய எடுத்துக்கிடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வண்டி, 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு. வெளிர் நீலம்.

இந்த வண்டியைப் பற்றி இளைய தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்லணும். அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்று. கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், நம்ம மெட்ராஸ் ஹெரால்டு. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்காரர்கள் செய்தார்கள். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டி, 1961-ல் இங்கே டிரையம்ஃபை விட்டுவிட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சி.சி. இன்ஜின். அங்கே 1961-லேயே பெரிய இன்ஜினுக்கு மாறிவிட்டார்கள். நாம் விசுவாசமாக அதே 948-ஐ வைத்துக்கொண்டோம்.

இரண்டு விஷயத்தில் ஹெரால்டை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒன்று, திரும்புவது. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். அக்ரஹாரத் தெருவில் ரிவர்ஸ் எடுக்காமல் யு டர்ன் அடிக்கலாம். சித்தப்பா அதை வேண்டுமென்றே தினம் ஒரு தடவை செய்வார். இரண்டாவது, பானெட். மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன் டயர் மேல் திண்ணை மாதிரி உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அம்பாசடர் மெக்கானிக்குகளுக்கு இடுப்பு வலி வந்ததற்கும் ஹெரால்டு மெக்கானிக்குகளுக்குத் தொப்பை வந்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் ஆராய்ச்சி.

கம்பெனிதான் நிலைக்கவில்லை. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோலைத் தீர்த்தம் மாதிரி குடித்தது. பக்கத்திலேயே மாருதி 800 மலிவாக ஓடிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் கடைசியில் கார் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆக, ஹெரால்டு ஓர் அனாதை.

* * *

அந்த அனாதையைத் தத்தெடுத்தவர்கள் சித்தப்பாவும் சித்தியும். வருஷா வருஷம் முதல் சாரல் விழுந்ததும் அவர்களுக்கு ஒரு புரோகிராம் உண்டு. விடியற்காலை ஐந்தருவியில் ஒரு குளியல். அப்படியே செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறி ஆரியங்காவு ஐயனுக்கு ஒரு கும்பிடு. கூட்டம் சேர்வதற்குள் வீடு. 1982-லிருந்து நடக்கிறது. சித்திக்கு இரண்டு முழங்காலும் போன பிறகு அருவிக்கரையில் காரிலேயே உட்கார்ந்திருப்பாள். சித்தப்பா குளித்துவிட்டு வந்து தலையை உதறினால் நாலு சொட்டு அவள் மேல் விழும். "போதும், நானும் குளிச்சாச்சு" என்பாள்.

2023-ல் பருவமழை கேரளாவுக்கே ஜூன் 8-ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. சீசன் தள்ளிப்போனது. அதற்குள் வண்டியில் சத்தம் வந்துவிட்டது.

சத்தத்தோடு இன்னொரு வில்லங்கமும். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்கணும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு ஆகஸ்டில் கெடு. சத்தத்தோடு வண்டியைக் கொண்டுபோனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது.

50 வருஷம் தாண்டிய வண்டிகளைப் புராதன வண்டி என்று பதிவு செய்துகொள்ள 2021-ல் தனி விதி வந்ததே என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தோம். அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் பார்ப்பது இதற்கெல்லாம்தான் ரோட்டில் இறக்கலாம். சித்தப்பா யோசித்தார். "நானும் உங்க சித்தியும் ஐந்தருவிக்குப் போறது கண்காட்சியில சேருமாடே?"

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான். "அப்பா, கடாசிடுங்க. டாக்ஸி வச்சுத் தர்றேன். 82 வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புளியரை ஏற்றத்தில், எஸ் வளைவில், முன்னால் ஒரு சிமென்ட் லாரி, பின்னால் ஒரு சிமென்ட் லாரி, நடுவில் செயின் அறுந்துபோன ஹெரால்டில் இரண்டு கிழங்கள். எந்த மகனுக்குத்தான் தூக்கம் வரும்?

பழைய இரும்புக்காரர் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா திண்ணையில் அந்தத் துண்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வருஷம்னு வண்டிக்கு எழுதிக் குடுப்பான். எனக்கு யாருடே எழுதிக் குடுப்பா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இதற்கெல்லாம் என்ன பதில் இருக்கிறது?

உள்ளேயிருந்து சித்தியின் குரல்தான் வந்தது. "ஏய்யா, மொதல்ல பாய்கிட்ட கொண்டு காட்டச் சொல்லு. விக்கிறதா இருந்தாலும் என்ன கோளாறுன்னு தெரிஞ்சுக்கிட்டு விக்கணும்லா."

* * *

தென்காசியில் பாயின் ஒர்க் ஷாப், பெரிய கோபுரம் தெரிகிற தூரத்தில். சீசன் காற்று அடிக்கிற அடியில் தகரக் கூரை பாடிக்கொண்டே இருக்கும். பாய்க்கு எழுபது இருக்கலாம். கூட ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்தவன். கையில் ஸ்கேனர். புது வண்டி எது வந்தாலும் அதைச் சொருகி, திரையில் வருகிற நம்பரைப் படித்து, நோயைச் சொல்லிவிடுகிற கெட்டிக்காரன். ஹெரால்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"பாய், இதுல ஸ்கேனர் எங்கன மாட்டணும்?"

"ஒன் காதுல மாட்டுலே" என்றார் பாய்.

ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் முனையை இன்ஜினின் முன்பக்கத் தகர மூடியில் வைத்து, கைப்பிடியைப் பையன் காதில் ஒட்டினார். அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும்! அப்புறம் என் காதிலும் வைத்தார். உள்ளே சோழி குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்த வைத்தியம். இன்ஜினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே இருக்கிற ரோட்டார், கேம் ஷாஃப்ட் சுற்றினால்தான் சுற்றும். கீழே கிராங்க் புல்லியைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். செயின் நல்லபடியாக இருந்தால் புல்லி அசைந்த உடனே ரோட்டாரும் அசையணும். இங்கே புல்லி கணிசமான தூரம் போன பிறகுதான் ரோட்டார் 'ஓ, என்னையா கூப்பிட்டீங்க?' என்று மெதுவாகத் திரும்பியது. மேலதிகாரி நோட் போடுவதற்கும் நம் ஆபீஸில் ஃபைல் நகருவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, அதே இடைவெளி.

"பாத்தீங்களா தம்பி? வால்வும் லேட்டு, பொறியும் லேட்டு. ஏத்தத்துல இழுக்காம அழுதிருக்குமே?"

"புளியரையில ரெண்டாவது கியர்லயே திணறுச்சு, பாய்" என்றார் சித்தப்பா. ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாத ரகசியம்.

ரேடியேட்டரைக் கழற்றி, ஃபேன் பெல்ட்டை எடுத்து, ஸ்டார்ட்டிங் ஹாண்டில் மாட்டுகிற அந்தப் பெரிய நட்டை நாலு அடி அடித்துத் திருகி, முன் மூடியைத் திறந்தார். டென்ஷனர் என்றதும் நான் ஏதோ பெரிய யந்திரத்தை எதிர்பார்த்திருந்தேன். மூடியின் உள்பக்கத்தில், வில் மாதிரி வளைந்த ஓர் இரும்புப் பட்டை. விரல் நீளம். வளைவின் முதுகு செயினின் மேல் சாய்ந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான். அந்த முதுகில் ஆழமான கோடுகள். செயின் அரைத்து அரைத்துப் போட்ட வாய்க்கால். நகத்தை வைத்தால் நகம் உள்ளே போகிறது.

"இன்னும் ஒரு சீசன் ஓட்டியிருந்தா பட்டை ரெண்டா ஒடஞ்சு செயினுக்குள்ள விழுந்திருக்கும், ஐயா" என்றார் பாய். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரல் காற்றில் வேர்த்திருந்தது.

நான் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். மேனேஜருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மேலே இருந்து வருகிற இழுப்பையும் கீழே இருந்து வருகிற துள்ளலையும் முதுகில் வாங்கிக்கொள்வார். சத்தமே வராது. அவர் லீவு போட்ட அன்றைக்குத்தான் ஆபீஸ் கடகடக்கும். பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்காது. உங்கள் ஆபீஸில் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

"ஏன் பாய் இப்படித் தேஞ்சுது?"

"எண்ணெய் மாத்தலை. கம்மியா ஓடுற வண்டிதானேன்னு விட்டுருவாங்க. எண்ணெய் பழசானா மசி மாதிரி ஆயிரும். குத்தாலத்துல மனுசனுக்கு எண்ணெய் வச்சுத் தேய்க்கிறாங்க. இன்ஜின்ல எண்ணெய் இல்லேன்னா அதுவே தேயும், தம்பி. அவ்வளவுதான் வித்தியாசம்."

செயினையும் சோதித்தார். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே நேராக ஓர் ஸ்கேலை வைத்து, செயின் எவ்வளவு உள்ளே போகிறது என்று அமுக்கிப் பார்த்தார். 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மாற்றணும். தாராளமாகவே போனது.

* * *

சாமான் எங்கே கிடைக்கும்? இங்கேதான் அனாதை வண்டியின் சோகம் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்தத் தேய்மானம் ஏழை வண்டிகளுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். பி.எம்.டபிள்யூ. 2007-ல் கொண்டுவந்த என் 47 டீசல் இன்ஜினில் டைமிங் செயினை இன்ஜினுக்குப் பின்பக்கம், கியர் பாக்ஸ் ஓரத்தில் வைத்தார்கள். செயினும் கைடும் தேய்ந்தால் இன்ஜினையே கீழே இறக்கணும். அந்தக் காருக்குச் சொந்தக்காரர்கள் பட்ட பாடு ஐரோப்பாவில் பிரசித்தம். நம்ம ஹெரால்டில் டயர் மேல் உட்கார்ந்து மூடியைக் கழற்றினால் முடிந்தது. மிக்கெலாட்டி வாழ்க.

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை இரண்டையும் நான் அலசினேன். ஒரு கடையில் "ஹெரால்டா? இதோ" என்று பளபளவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். தென்காசிக்கு வந்து பார்த்தால் அது வேறு ஏதோ வண்டியின் ஸ்பிரிங். பாய் அதைப் பையனிடம் கொடுத்து, "ஷட்டர் கொக்கிக்கு ஆகும், வச்சுக்க" என்றார்.

லேத் பட்டறையில் பட்டை அடித்துக்கொள்ளலாமே என்று நான் யோசனை சொன்னேன். பாய் மறுத்துவிட்டார். "அடிக்கலாம் தம்பி. வளைவு வந்துரும். பதம் வராது. கெட்டியா இருந்தா செயினை அது தின்னும். மெதுவா இருந்தா அதைச் செயின் தின்னும். ரெண்டும் தின்னாத பதத்துல வேகவைக்கிறது நம்ம ஊர்ல இப்போ யாருக்கும் கைவராது. ஐயா மலைமேல ஏறுற வண்டி. வெளையாட முடியாது." வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று ராத்திரி பெங்களூர் தம்பியிடமிருந்து எனக்குப் போன். "அண்ணே, அந்த ஸ்பேர் பார்ட் என்னது? போட்டோ எடுத்து அனுப்புங்க." கடாசச் சொன்னவன்தான். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. படத்தை அனுப்பினேன். இந்த வகை இன்ஜின் இங்கிலாந்தில் ஹெரால்டோடு ஒழிந்துவிடவில்லை. அளவில் பெரிதாகி, ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1980 வரை ஓடியது. அந்தக் காரைக் கொஞ்சுகிற வெள்ளைக்காரர்கள் ஏராளம். அதனால் அங்கே செயின், பட்டை, மூடிக்கு காஸ்கெட், ஆயில் ஸீல் எல்லாம் இன்றைக்கும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். மெட்ராஸில் பிறந்த வண்டிக்கு மருந்து இங்கிலாந்திலிருந்து! சாமான் விலையைவிடத் தபால் செலவு அதிகம். ஜூலை மூன்றாம் வாரம் பார்சல் இலஞ்சிக்கு வந்தது. பெட்டியைப் பிரித்து சித்தி அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இந்த அரிவாள்மனைத் துண்டுக்கா இத்தனை பாடு?"

* * *

மாட்டுகிற வேலையில்தான் பாயின் முழு வித்தையும் தெரிந்தது.

வழக்கமாக இரண்டு பல்சக்கரத்திலும் கோடு கிழித்திருக்கும். கோடும் கோடும் நேருக்கு நேர் வந்தால் டைமிங் சரி. சித்தப்பா வண்டியில் மேல் சக்கரத்தில் கோடே இல்லை. மில் முதலாளி காலத்திலேயே யாரோ வேறு சக்கரம் போட்டிருக்கிறார்கள். பையன் முகம் சுருங்கியது. பாய் பீடியை அணைத்துவிட்டு, நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் பார்த்துப் பார்த்து, ஒன்று மூடி முடிகிற, இன்னொன்று திறக்க ஆரம்பிக்கிற அந்தச் சமநிலைக்குக் கேம் ஷாஃப்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிராங்கை மேல் உச்சிக்குக் கொண்டுவந்தார். இனி செயினைப் போட்டு, சக்கரத்தைப் பூட்டணும். பூட்டினால் ஓட்டை ஓட்டையோடு சேரவில்லை. அரைப் பல் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்.

"இப்பதான் வெள்ளைக்காரன் மூளையப் பாக்கணும்" என்றார். அந்த மேல் சக்கரத்தில் நான்கு ஓட்டைகள். பூட்டுவதற்குத் தேவை இரண்டே போல்ட். மீதி இரண்டு சும்மா இல்லை. ஓட்டைகளை வேண்டுமென்றே பல்லுக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சக்கரத்தைக் கால் வட்டம் திருப்பி அடுத்த ஜோடி ஓட்டையில் பூட்டினால் டைமிங் அரைப் பல் நகரும். சக்கரத்தையே முன்பின்னாகக் கவிழ்த்துப் போட்டால் கால் பல் நகரும். கவிழ்த்ததைக் கால் வட்டம் திருப்பினால் முக்கால் பல். ஒரே சக்கரத்தில் நான்கு நிலை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒரு பைசா செலவு கூட்டாமல், வெறும் ஓட்டையால் செய்த வேலை! எனக்கு அங்கேயே கை தட்டணும் போல இருந்தது. கை முழுக்கக் கிரீஸ்.

கவிழ்த்துத் திருப்பிப் போட்டதும் போல்ட் இரண்டும் வெண்ணெய் மாதிரி இறங்கின. மூன்று தடவை இன்ஜினைக் கையால் சுற்றிச் சரிபார்த்த பிறகுதான் லாக் தகட்டை மடக்கினார்.

கடைசியில் மூடி. புதுப் பட்டை விறைப்பாக நிற்கிறது. மூடியை வைக்கப் போனால் செயினில் முட்டுகிறது. விரலால் அழுத்திப் பிடித்தால் மூடி உட்காராது. பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் சீசன் காற்றில் உள்வெளியாகத் திரும்பிச் செத்துப்போன ஒரு குடை. அதிலிருந்து ஒரு கம்பியைப் பிய்த்து, நுனியைக் கொக்கியாக வளைத்து, பட்டையை ஓரமாக இழுத்துப் பிடித்தபடி மூடியை நகர்த்தி வைத்து, சரக்கென்று கம்பியை உருவினார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பட்டை செயினில் சாய்ந்த சத்தம்.

புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். பையன் தானாகவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியில் வைத்துக் காதைக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கேட்டான்.

"ஒண்ணுமே கேக்கல பாய்."

"அதுக்குத்தாம்லே இவ்வளவு நேரம் வேலை பார்த்தோம்."

ஆகஸ்ட் முதல் வாரம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். 5000 ரூபாய் கட்டி, ஐந்து வருஷம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார் சித்தப்பா. வண்டிக்கு 2028 வரைக்கும் ஆயுசு. அந்த ஞாயிற்றுக்கிழமையே விடியற்காலை ஐந்தருவி. தண்ணீர் அத்தனை இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் மழையே ஏமாற்றிவிட்டது. சித்திக்கு விழவேண்டிய நாலு சொட்டுக்குக் குறைவில்லை. புளியரை ஏற்றத்தை மூன்றாவது கியரில் ஏறினோம் என்று சித்தப்பா சொல்லிக்கொள்கிறார். பின் ஸீட்டில் இருந்த நான் பார்த்தவரை பாதி தூரம் இரண்டாவதுதான். மகனுக்கு ஆரியங்காவிலிருந்தே போன் போட்டு, வண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்கச் சொன்னார். "ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றான் அவன். சித்தப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

போன மாதம் தென்காசி போனபோது பாய் கடைக்கு எட்டிப் பார்த்தேன். பாய்க்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வாயால்தான் வேலை. பையன் ஒரு புதுக் காரில் ஸ்கேனரைச் சொருகிவிட்டு நம்பர் வருவதற்காகக் காத்திருந்தான். அந்த இடைவெளியில் பாய் அவனை விடவில்லை.

"ஏலே, ஹெரால்டு சக்கரம். கால் வட்டம் திருப்பினா?"

"அரைப் பல்லு."

"கவுத்துப் போட்டா?"

"கால் பல்லு."

"கவுத்ததத் திருப்பினா?"

பையன் ஸ்கேனர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "முக்கால் பல்லு. அந்த ஐயா வண்டிக்கு எண்ணெய் மாத்துற தேதி தாண்டிருச்சு பாய். நான் போன் பண்ணிட்டேன்."